அறுந்த கயிறும் அமைத்த பாலமும்

குழந்தைகளுக்கென எடுக்கப்படும் திரைப்படத்தைக் குறித்துப் பெரியவர்களிடையே பெரும் கருத்து வேறுபாடு எழுவது அரிது. படம் நன்றாக இருந்தது என்பர். அல்லது பொழுது வீணாயிற்று என்பர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். 2007-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவில் வெளியான 'பிரிட்ஜ் டு டெரபித்தியா' என்னும் படம் இதற்கு விலக்காக அமைந்தது. 'டெரபித்தியாவுக்கு ஒரு பாலம்' என்பது அத்தலைப்பின் பொருள். அதனைக் கண்டோரில் சிலர் கண்ணீரோடு வெளியே வந்தனர். சிலர் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சினந்தனர். சிலர் தம் பிள்ளைகளை அழைத்து வந்ததற்காக வருந்தினர். இன்னும் சிலர் சமய நோக்கில் அதனை ஐயுற்றனர்.

சிறுவன் ஒருவனும் சிறுமி ஒருத்தியும் காட்டில் விளையாடிய விளையாட்டைச் சொல்லும் படம் இத்துணை மாறுபட்ட உணர்வுகளை எழுப்பியது ஏன்? கற்பனையிடமிருந்து நாம் ஒவ்வொருவரும் எதை எதிர்பார்க்கிறோம் என்னும் வினாவோடு இது தொடர்புடையது என்று நமக்குத் தோன்றுகிறது. நம்பிக்கை கொண்டோராகிய நமக்கு அவ்வினா வெறும் கலை வினா மட்டுமன்று என்பதால், அதனைச் சற்றே விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

கதை

ஜெஸ் என்னும் சிறுவன் நாட்டுப்புறத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன். நான்கு சகோதரிகளுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. ஓவியம் வரைவதில் அவனுக்குத் தணியாத ஆர்வம். கடன்சுமையால் களைத்துப்போன தந்தைக்கோ, மகன் வேலைகளைப் பொறுப்பாகச் செய்தால் போதும் என்னும் எண்ணம். அந்தத் தந்தை சிறுமியான மகளிடம் காட்டும் கொஞ்சலில் ஒரு சிறிதும் தனக்குக் கிட்டுவதில்லை என்பது சிறுவனின் உள்ளத்தில் ஆறாத புண். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் வென்றேனும் தலைநிமிரலாம் என்று அவன் காத்திருக்கையில், புதிதாக வந்த லெஸ்லி என்னும் சிறுமி அப்பந்தயத்தில் அனைவரையும் முந்திவிடுகிறாள்.

எனினும் அவ்விருவரும் நண்பர்களாகின்றனர். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையின்மேல் ஒரு பழைய கயிறு தொங்குகிறது. அதைப் பற்றிக்கொண்டு ஊஞ்சலாடி மறுகரைக்குச் சென்றால் காடு. அக்காட்டை அவர்கள் 'டெரபித்தியா' என்று பெயரிட்டுத் தங்கள் நாடாக்குகின்றனர். அங்கே அவர்களே அரசனும் அரசியும். அந்நாட்டில் அரக்கியும் உண்டு. அவளுக்குப் பள்ளியில் சிறுவர்களை மிரட்டும் ஜானிஸ் என்னும் மாணவியின் சாயல். அந்நாட்டைக் கலங்கச் செய்யும் 'இருண்ட தலைவன்' ஒருவனும் உண்டு.

ஒருநாள் பள்ளியின் இசை ஆசிரியை ஜெஸ்ஸை நகரத்து ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் செல்கிறார். லெஸ்லியையும் அழைக்கலாமே என்னும் எண்ணத்தைச் சிறுவன் வாய்திறந்து சொல்லவில்லை. மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் அவனிடம், தனியே ஓடையைக் கடக்க முயன்றபோது கயிறு அறுந்து லெஸ்லி இறந்துவிட்டாள் என்று தந்தை அறிவிக்கிறார். இறுதியில், அந்த ஓடையின்மேல் ஜெஸ் பலகைகளால் ஒரு பாலம் அமைக்கிறான். எப்போதும் தன்னைப் பின்தொடர்ந்து வந்து தன்னால் விரட்டப்பட்ட தங்கை மே பெல்லின் கையைப் பிடித்து, அவளைத் தன் நாட்டுக்குள் அழைத்துச் செல்கிறான்.

கதை பிறந்த இடம்

இப்படத்தின் மூலம், அமெரிக்க எழுத்தாளர் கேத்ரின் பேட்டர்சன் 1977-இல் வெளியிட்ட புதினம். சிறுவர் இலக்கியத்துக்கென அந்நாட்டில் வழங்கப்படும் நியூபெரி பதக்கத்தை அது 1978-இல் பெற்றது. பேட்டர்சன் சீனாவில் பணியாற்றிய பிரஸ்பிட்டேரியன் மறைப்பணியாளர்களின் மகளாக 1932-இல் அங்கே பிறந்தவர். தாமும் ஜப்பானில் சில ஆண்டுகள் மறைப்பணி ஆற்றியவர். ஒரு போதகரை மணந்தவர்.

1974-ஆம் ஆண்டு அவர் புற்றுநோய்க்கு ஆளாகிச் சிகிச்சை பெற்றார். அதே ஆண்டின் கோடையில், அவருடைய மகன் டேவிட்டின் உற்ற தோழியான எட்டு வயதுச் சிறுமி கடற்கரையில் மின்னல் தாக்கி இறந்தாள். தம் மகனின் துயரத்துக்குத் தாயால் விடைகூற இயலவில்லை. அந்த இயலாமையிலிருந்துதான் இப்புதினம் பிறந்தது. நூலின் காணிக்கைப் பக்கத்தில் தம் மகனின் பெயரோடு அச்சிறுமியின் பெயரையும் அவர் பொறித்தார். அந்த மகன் டேவிட்டே, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், இத்திரைப்படத்தின் திரைக்கதை ஆசிரியர் இருவரில் ஒருவராகவும் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் விளங்கினார். இதன் இயக்குநர் ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் அசைவோவியத் துறையில் பெயர்பெற்ற காபோர் சூப்போ. காட்சிகள் நியூசிலாந்தில் படமாக்கப்பட்டன.

ஆக, துயருற்ற ஒரு குழந்தைக்கு அதன் தாய் சொன்ன கதை இது. இதனை மனத்திற் கொண்டால், பார்வையாளரின் மாறுபட்ட உணர்வுகளைச் சரியாக எடைபோட முடியும்.

ஏமாந்தோம் என்றவர்கள்

முதலில், ஏமாற்றப்பட்டதாகக் கூறியவர்களை எடுத்துக்கொள்வோம். இவர்களுடைய முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. இப்படத்தைத் தயாரித்த வால்டன் மீடியா நிறுவனம், 2005-இல் வெளியான 'நார்னியா' முதற்படத்தின் தயாரிப்பிலும் பங்கேற்றிருந்தது. அப்படத்தின் வெற்றி மக்கள் நினைவிலிருந்து மறையுமுன்னரே இப்படம் வந்தது. முன்னோட்டக் காட்சிகளில் பறக்கும் பூச்சி வீரர்களும் மரத்தாலான அரக்க உருவும் வியப்பூட்டும் விலங்குகளுமே முன்னிறுத்தப்பட்டன. இன்னொரு மாய உலகைக் காணப்போகிறோம் என்றெண்ணிக் குடும்பங்கள் அரங்கிற்குச் சென்றன. அங்கே அவர்கள் கண்டதோ வறுமை, பள்ளிக்கூடத்துக் கொடுமை, தந்தையின் முகவாட்டம், இறுதியில் ஒரு சாவு. மாயக் காட்சிகள் படத்தில் மிகச் சிறிய பங்கே.

விளம்பரம் செய்த குற்றத்தைப் படத்தின்மேல் ஏற்றுவது முறையன்று. எனினும் அவர்களது ஏமாற்றத்துக்குள் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. கற்பனை என்றால் இவ்வுலகை மறக்கச் செய்யும் ஒன்று என்பது அவர்களது எதிர்பார்ப்பு. இரண்டு மணி நேரம் கவலையின்றி இருக்கவே அவர்கள் கட்டணம் செலுத்தினர். உழைத்துக் களைத்தவன் சற்றே ஓய்வை நாடுவதில் தவறில்லை. ஆயினும் ஓய்வுக்கு மட்டுமே கற்பனை என்று வரையறுத்துவிட்டால், துயரம் வந்து கதவைத் தட்டும் நாளில் அக்கற்பனை நமக்குத் துணைநிற்காது.

பிள்ளைகளுக்கு ஏன் என்றவர்கள்

இரண்டாவதாக, பிள்ளைகளுக்குச் சாவைக் காட்டலாமா என்று கேட்ட பெற்றோர். இவர்களது கவலை அன்பில் விளைந்தது. முன்னறிவிப்பின்றித் தம் குழந்தை விம்மி அழுவதைக் கண்ட தாய் பதறாமல் இருப்பாளா? தம் குழந்தையின் வயதையும் இயல்பையும் அறிந்து, இப்போது வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை பெற்றோர்க்கு உண்டு.

ஆயின், படம் சாவைக் காட்டுகிறதா? உண்மையில் காட்டவில்லை. கயிறு அறுவதையோ சிறுமி நீரில் விழுவதையோ நாம் காண்பதில்லை. செய்தி ஜெஸ்ஸின் செவிக்கு எட்டும்போதுதான் நமக்கும் எட்டுகிறது. அவன் அதை நம்ப மறுத்து ஓடுகிறான், மறுநாள் எதுவும் நடவாததுபோல் எழுந்து உண்ண அமர்கிறான், பின்னர் சினங்கொள்கிறான், பின்னர்த் தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்கிறான். அவளையும் ஓவியக்கூடத்துக்கு அழைத்திருந்தால் அவள் இறந்திருக்கமாட்டாள் என்பதே அவனை அரிக்கும் எண்ணம். துயருற்ற இல்லங்களில் நாம் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கும் சொற்கள் இவையே. 'நான் மட்டும் அன்றைக்குப் போயிருந்தால்' என்று புலம்பாத இல்லம் எது?

நம் ஊர்களிலும் துக்க வீடுகளில் பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுகிறோம். பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறோம். பிள்ளைகளின் கேள்விகளுக்குத் தின்பண்டத்தை விடையாகக் கொடுக்கிறோம். அவர்களோ அனைத்தையும் உணர்ந்துகொண்டு, பேச ஆளின்றித் தனித்து நிற்கின்றனர். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, தன்னைப்போல் ஒருவன் இப்படித்தான் தவித்தான் என்று அறிவது காயமாகாது, அது மருந்தாகலாம். அருகே பெற்றோர் அமர்ந்திருக்கவேண்டும் என்பதே நாம் வைக்கும் நிபந்தனை.

சமய நோக்கில் ஐயுற்றவர்கள்

மூன்றாவது தரப்பினர், மூலப் புதினத்தின் காலந்தொட்டே இருந்து வருபவர்கள். 1990 முதல் 1999 வரையிலான ஆண்டுகளில் அமெரிக்காவின் பள்ளிகளிலும் நூலகங்களிலும் எதிர்ப்புக்குள்ளான நூல்களின் பட்டியலை அந்நாட்டு நூலகச் சங்கம் வெளியிட்டபோது, இப்புதினம் அதன் முன்வரிசையில் இடம்பெற்றிருந்தது. ஆண்டவரின் பெயர் அதில் வீணாகச் சொல்லப்படுகிறது என்பது ஒரு காரணம். தாமே படைத்த உலகில் பிள்ளைகள் மூழ்குவது உண்மையான இறைவனிடமிருந்து அவர்களை விலக்கிவிடும் என்பது மற்றொரு காரணம். மறைப்பணியாளரின் மகள் எழுதிய நூலுக்கு இந்நிலை வந்தது வியப்பே.

கற்பனையைத் திருஅவை அஞ்சியதில்லை. மனித அறிவு, கற்பனையில் பதிந்த உருக்களை நோக்காமல் இவ்வாழ்வில் எதனையும் உணர்ந்தறிய இயலாது என்பது தூய தாமஸ் அக்குவினாரின் போதனை. நம் ஆண்டவர் இயேசுவே, உவமைகள் வாயிலாக, இல்லாத ஒரு சமாரியரையும் இல்லாத ஓர் ஊதாரி மைந்தனையும் நம் கண்முன் நிறுத்தினார். தாவீது அரசர் தம் பாவத்தை உணர்ந்தது, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றி நாத்தான் இறைவாக்கினர் சொன்ன கற்பனைக் கதையினால் அன்றோ? திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், டாரத்தி என்னும் சிறுமியின் கனவுலகப் பயணத்தைச் சொல்லும் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துக்கும் இடம் இருந்தது.

எனினும், எல்லாக் கற்பனையும் நன்மை பயப்பது என்று நாம் கூறவரவில்லை. ஐயுற்றவர்களின் அச்சத்தில் அடங்கிய உண்மையும் உண்டு. தன்னுள்ளேயே சுழன்று மனிதரைச் சிறைப்படுத்தும் கற்பனையும் உலகில் உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்படி? இதற்கு நல்லதோர் அளவுகோலைத் தந்தவர் தூய இஞ்ஞாசியார்.

1521-இல் பம்பலோனாப் போரில் பீரங்கிக் குண்டால் கால் சிதைந்து, லொயோலா மாளிகையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார் இஞ்ஞாசியார். வீரசாகசக் கதைகளைப் படிக்கக் கேட்டார். கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுமே. அந்நாள்களில் அவர் உள்ளத்தில் இருவகைக் கனவுகள் மாறிமாறித் தோன்றின. உயர்குலப் பெண்ணொருத்திக்காகத் தாம் புரியப்போகும் வீரச்செயல்களைக் கனவு கண்டார். தூய பிரான்சிசைப் போலவும் தூய தோமினிக்கைப் போலவும் வாழ்வதாகவும் கனவு கண்டார். இரண்டும் கனவு காணும் பொழுதில் இனித்தன. ஆனால் முதற்கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டது. இரண்டாவது கலைந்தபின்னும் மகிழ்ச்சி நீடித்தது. அந்த வேறுபாட்டை உற்றுநோக்கியதிலிருந்தே அவரது ஆவிகளைத் தேர்ந்து தெளியும் முறை பிறந்தது. பின்னாளில் அவர் இயற்றிய ஆன்மிகப் பயிற்சிகளில், பெத்லகேமுக்குச் செல்லும் வழி நீளமா அகலமா, குகை பெரிதா சிறிதா என்று கற்பனைக் கண்ணால் காணச் சொல்கிறார். கற்பனையை அவர் துறக்கவில்லை; அது கலைந்தபின் எதை விட்டுச் செல்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

கனிகளைக் கொண்டு மரம்

இந்த அளவுகோலை டெரபித்தியாவின்மேல் வைத்துப் பார்ப்போம். காட்டில் விளையாடிவிட்டுத் திரும்பும் பிள்ளைகளிடம் எஞ்சி நிற்பது என்ன?

ஜானிஸைப் பழிவாங்க ஜெஸ்ஸும் லெஸ்லியும் ஒரு பொய்க் காதற்கடிதம் எழுதி அவளைப் பலர்முன் நாணச் செய்கின்றனர். அவர்களுக்கு அது வெற்றியே. பின்னர் ஒருநாள், பள்ளியின் கழிப்பறையில் ஜானிஸ் அழுதுகொண்டிருக்கக் காண்கிறாள் லெஸ்லி. அருகே சென்று கேட்கிறாள். தந்தையின் அடிக்கு ஆளாகும் பெண் அவள் என்று அறிகிறாள். காட்டு அரக்கிக்குள்ளே ஒரு குழந்தை அழுவதைக் காண அவளால் முடிகிறது. பிறர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் ஆற்றலுக்குக் கற்பனை என்பதன்றி வேறு பெயர் என்ன? நல்ல சமாரியர் உவமையின் இறுதியில் ஆண்டவர் எழுப்பும் வினாவும் நம்மை அவ்வாறே இடம்மாற்றி வைத்துப் பார்க்கச் செய்கிறது.

இன்னொரு காட்சி. தோழியை இழந்த ஜெஸ் காட்டுக்குள் ஓடுகிறான். இருண்ட தலைவன் அவனைத் துரத்தி வருகிறான். விழுந்து கிடக்கும் சிறுவனை நெருங்கி வந்த அவ்வுருவம், மகனைத் தேடி வந்த தந்தையாக மாறிநிற்கிறது. அவர் அவனை வாரி அணைத்துக்கொள்கிறார். தன்மேல் அன்பில்லாதவர் என்று இத்தனை நாளும் தான் அஞ்சி விலகிய தந்தையின் முகத்தை, அந்த இருளில்தான் சிறுவன் முதன்முறையாகக் காண்கிறான். இறைவனைத் தண்டிப்பவராக மட்டுமே கருதி அவரிடமிருந்து ஓடி ஒளியும் நம்மில் பலர்க்கும் இக்காட்சி பொருந்தும்.

முன்பு தான் விரட்டிய தங்கையை இறுதியில் கைபிடித்து அழைத்துச் செல்கிறான் ஜெஸ். டெரபித்தியா, ஆக, அவனைத் தன்னுள் பூட்டிவைக்கவில்லை. அழும் எதிரியிடமும், அஞ்சிய தந்தையிடமும், விரட்டிய தங்கையிடமும் செல்ல வழிவிட்டது. கனிகளைக் கொண்டு மரத்தை அறிவதானால், இது நல்ல மரமே.

ஒரு சிறுவனின் கேள்வி

படத்தில் நம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்த பகுதி இனித்தான் வருகிறது. வழிபாட்டுப் பழக்கமில்லாத வீட்டில் வளர்ந்த லெஸ்லி, ஒரு ஞாயிறன்று ஜெஸ்ஸின் குடும்பத்தோடு கோவிலுக்குச் செல்கிறாள். இயேசுவின் கதை அவளுக்கு மிக அழகாகத் தோன்றுகிறது. அதை நம்பவேண்டும் என்று கற்பிக்கப்பட்ட பிள்ளைகளுக்கோ அது அச்சமூட்டுவதாகவே இருக்கிறது. திருவிவிலியத்தை நம்பாவிட்டால் கடவுள் நரகத்தில் தள்ளிவிடுவார் என்று எச்சரிக்கிறாள் சிறுமி மே பெல். கடவுளுக்கு அதுவா வேலை என்னும் பொருளில் லெஸ்லி மறுமொழி கூறுகிறாள்.

அவள் இறந்தபின், இக்கேள்வி ஜெஸ்ஸின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. காட்டில் தந்தையின் அணைப்பில் அழுதுகொண்டே, அவள் நரகத்துக்குப் போவாளா என்று கேட்கிறான். கடவுளைப் பற்றி எல்லாம் தமக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சிறுமியை அவர் நரகத்துக்கு அனுப்பமாட்டார் என்பது மட்டும் தெரியும் என்று தந்தை கூறுகிறார்.

இவ்விடையைக் கேட்டு முகம் சுளித்த கிறிஸ்தவர்களும் உண்டு. ஆறுதல் பெற்றவர்களும் உண்டு. இறையியல் நோக்கில் என் சொல்வது? தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருப்போரும், நேர்மையான உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்றின் வழி அவரது திருவுளத்தை நிறைவேற்ற முயல்வோராயின் மீட்படையக்கூடும் என்பது 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருஅவையைப் பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் தந்த போதனை. இப்படம் வெளியான இரண்டு திங்களில், 2007 ஏப்ரலில், திருமுழுக்குப் பெறாது இறக்கும் குழந்தைகளின் மீட்பைக் குறித்துப் பன்னாட்டு இறையியல் ஆணையத்தின் ஏடு வெளியானது. உறுதியான அறிவை அது உரிமை கொண்டாடவில்லை. இறைவேண்டலோடு கூடிய எதிர்நோக்குக்குத் தக்க காரணங்கள் உள்ளன என்றது. அவ்வேடு பேசியது மழலையரைப் பற்றி. லெஸ்லியோ வளர்ந்த சிறுமி. ஆயினும் அதன் தொனியை நோக்குக. தமக்கு எல்லாம் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, இறைவனின் நன்மைத்தனத்தைப் பற்றிநின்ற அந்தத் தந்தையின் தொனிக்கும் இதற்கும் வெகுதொலைவு இல்லை. தந்தையின் சொற்களில் உறுதி சற்று மிகுந்திருக்கலாம். மகனை மார்போடு அணைத்துநிற்கும் வேளையில் அவரிடம் நாம் கோட்பாட்டுத் துல்லியத்தை எதிர்பார்க்கலாமா?

இவ்வினாவை நாம் எளிதாகக் கேட்டுவிடவில்லை. குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில், ஓர் ஊரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, நமது மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து நின்றான். அவனோடு ஒரே தெருவில் வளர்ந்த இந்துச் சிறுவன் அதற்கு முந்திய வாரத்தில் கிணற்றில் மூழ்கி இறந்திருந்தான். "அவன் இப்ப எங்க சாமி இருப்பான்?" என்பது அவன் கேள்வி. நாம் குருமடத்தில் கற்றதை வரிசை பிறழாமல் எடுத்துரைத்தோம். தன் குற்றமில்லாத அறியாமை என்றோம். இறைவனின் அளவற்ற இரக்கம் என்றோம். சங்க ஏட்டின் பெயரையும் சொன்னோம். அவன் தலையசைத்துவிட்டு அமர்ந்தான். அதன்பின் அவன் நம்மிடம் எதையும் கேட்டதில்லை. வகுப்புக்கு வந்தான்; கடைசி வரிசையில் அமர்ந்தான்; கேட்டால் மட்டும் பதில் சொன்னான்.

நாம் சொன்ன விடையில் பிழை ஒன்றுமில்லை. இன்று கேட்டாலும் அதே போதனையைத்தான் சொல்வோம். ஆனால் அவன் நின்ற கரையில் நாம் நிற்கவில்லை. கிணற்றடியில் அவன் எதைப் பார்த்தான், அன்றிரவு எப்படி உறங்கினான், அவ்விருவரும் என்ன விளையாடுவார்கள் என்று எண்ணிப்பார்க்கவும் கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை. நம்மிடம் கோட்பாடு இருந்தது. அதை அவனிடம் கொண்டுசேர்க்கும் கற்பனை இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் இப்படத்தின் தந்தை மகனை அணைத்தபடி விடைகூறும் காட்சியைக் கண்டபோது, கடைசி வரிசையில் அமர்ந்த அச்சிறுவனின் முகமே நம் நினைவில் எழுந்தது.

படத்தின் குறைகள்

இவ்வளவு கூறியபின், குறைகளைச் சொல்லாது விடுவது திறனாய்வுக்கு அழகன்று. புதினத்தைப் படித்துவிட்டுப் படம் பார்த்த நான்காவது தரப்பினர் ஒன்றைச் சுட்டினர். நூலில் டெரபித்தியாவின் அரக்கர்கள் விரிவாக வருணிக்கப்படுவதில்லை. படிக்கும் குழந்தையே அவர்களை உருவாக்கிக்கொள்ளவேண்டும். படத்திலோ கணினி வரைகலை அவ்வேலையைத் தானே செய்துவிடுகிறது. கற்பனையைப் போற்றும் படம், பார்ப்பவரின் கற்பனைக்கு வேலையில்லாமல் செய்யலாமா என்று அவர்கள் கேட்டனர்.

இக்குற்றச்சாட்டு பெருமளவு சரியே. ஆயினும் இயக்குநர் சில இடங்களில் அடக்கம் காத்திருக்கிறார். தொடக்கத்தில் காற்றில் அசையும் கிளையும் எங்கோ கேட்கும் ஒலியும் மட்டுமே. பிள்ளைகளின் நம்பிக்கை வளர வளரத்தான் உருவங்கள் தோன்றுகின்றன. அவர்களைத் தாக்கும் விலங்குகளின் பெயர்கள், பள்ளியில் ஜெஸ்ஸைத் துன்புறுத்தும் சிறுவர்களின் பெயர்களைத் திரித்து அமைந்தவை என்பதும் நயமானதே. பிள்ளைகள் தம் அச்சங்களுக்கே அங்கு உருவம் கொடுத்துப் போரிடுகின்றனர் என்பது இதனால் புலனாகிறது.

இறுதிக் காட்சியைத்தான் நம்மால் முழுமையாக ஏற்க இயலவில்லை. அண்ணனும் தங்கையும் பாலத்தைக் கடந்ததும், பேரொளியோடு ஒரு நாடே நம் கண்முன் விரிகிறது. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் சிறுவன் தன் கையால் ஆணியடித்துச் சேர்த்த கரடுமுரடான பலகைகளே அதற்குமேல் சொல்லிவிட்டன. அவனுடைய துயரத்தின் எடையை அறிந்த நமக்கு, அப்பலகைகளின்மேல் தயங்கித் தயங்கி அடிவைக்கும் தங்கையின் காலடி போதுமானதாக இருந்தது. ஜெஸ்ஸாக நடித்த ஜோஷ் ஹட்சர்சனும் லெஸ்லியாக நடித்த அன்னசோஃபியா ராப்பும் மிகையின்றி நடித்துள்ளனர். தந்தையாக வரும் ராபர்ட் பேட்ரிக், சொற்கள் குறைவாயினும், மனத்தில் நிற்கிறார்.

நிறைவாக

ஓய்வை நாடி வந்தவர்க்கு இப்படம் ஏமாற்றம் தந்தது; பிள்ளைகளைக் காக்க எண்ணியவர்க்கு அச்சம் தந்தது; கோட்பாட்டைக் காக்க எண்ணியவர்க்கு ஐயம் தந்தது; நூலை நேசித்தவர்க்குச் சிறு வருத்தம் தந்தது. இவர்களில் எவரும் முற்றிலும் தவறானவர் அல்லர். ஆனால் துயரத்தின் ஓடைக்கு இக்கரையில் நின்ற சிலரை அது மறுகரைக்கு அழைத்துச் சென்றது என்பதும் உண்மை. ஒரு படத்துக்கு இதைவிட உயர்ந்த நோக்கம் இருத்தல் கூடுமோ என்று நாம் அறியோம்.

வாய்ப்புக் கிட்டும் பெற்றோர், பத்து வயதைக் கடந்த தம் பிள்ளைகளோடு இப்படத்தை அமர்ந்து பார்க்கலாம். அதற்குமுன் தாங்கள் ஒருமுறை தனியே பார்த்துவிடுவது நலம். படம் முடிந்ததும் உடனே விளக்கவுரை நிகழ்த்தவேண்டாம், அறிவுரையும் வேண்டாம். பிள்ளை ஏதேனும் கேட்டால், அக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்டறியுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஆண்டவரைப் பற்றித் தெரிந்ததை அதன்பின் சொல்லுங்கள். மறைக்கல்வி கற்பிக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கும், நம்மைப் போன்ற குருக்களுக்கும் நாம் கூற விழைவதும் அதுவே. கேள்வி கேட்ட பிள்ளை கடைசி வரிசைக்குச் சென்றுவிடாதிருக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக.